எழுத்தாளர், இசைக்கலைஞர், ஓவியர்: வாழ்க்கைக் குறிப்பு எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நூற்றாண்டு மலருக்கோ, இணையக் கலைக்களஞ்சியத்துக்கோ, ஊர் நூலகத்தில் மாட்டும் பலகைக்கோ தமிழ் எழுத்தாளர், பாடகர், ஓவியர் ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுத உட்காருபவர்கள் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்ளும் இடங்கள் இவை. இந்தக் குறிப்புகளில் பிழை வருவது யாரும் புளுகுவதால் அல்ல. ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுத, அவரைப் பார்த்து மூன்றாமவர் எழுத, கடைசியில் மூன்று இடத்தில் இருக்கிறதே என்று நான்காமவர் நம்பிவிடுகிறார். அதனால் கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் இழுக்கும்: நிகழ்ச்சிக்கு மிகக் கிட்டத்தில் எழுதப்பட்ட காகிதம் எது என்று தேடுங்கள்.

ஜாதகத்தில் தமிழ் வருஷம், மாதம், தேதி மட்டும் இருக்கிறது. ஆங்கிலத் தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வருஷம். அறுபது வருஷச் சுழற்சியில் முதலாவதான பிரபவ 1807, 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. உங்களுக்கு வேண்டிய வருஷம் வரிசையில் எத்தனையாவது என்று பார்த்து, ஒன்றைக் கழித்து, மிச்சத்தை இந்த ஆண்டுகளோடு கூட்டுங்கள். சித்திரபானு பதினாறாவது. ஆகவே 1822, 1882, 1942. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பிறந்தது சித்திரபானு, மார்கழி 5. பாரதியார் பிறந்ததும் சித்திரபானு, கார்த்திகை 27. முன்னவர் 1822 டிசம்பர் 18, பின்னவர் 1882 டிசம்பர் 11. வருஷப் பெயர் மட்டும் கையில் இருந்தால் அறுபது ஆண்டு தவறிப்போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. எந்தச் சுற்று என்பதைத் தந்தையின் வயது, ஆசிரியரின் காலம், முதல் நூலின் ஆண்டு இவற்றைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது மாதம். தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடும். மார்கழியின் பின்பாதியிலும் அப்படியே. உ.வே. சாமிநாதையர் ஆனந்த வருஷம் மாசி 9-இல் பிறந்தார். ஆனந்த 1854 சித்திரையில் தொடங்கியது. ஆனால் அந்த மாசி வந்தது 1855-இல். எனவே 1855 பிப்ரவரி 19. இதைக் கவனிக்காமல் 1854 என்று போட்டால் நூற்றாண்டு விழாவே ஓராண்டு முன்னால் நடந்துவிடும்.

மூன்றாவது தேதி. பெரும்பாலானோர் வழுக்குவது இங்கேதான். இன்றைய தினசரி நாட்காட்டியை எடுத்து, கார்த்திகை முதல் தேதி நவம்பர் 16 அல்லது 17 என்று பார்த்து, அதிலிருந்து எண்ணுகிறார்கள். அப்படி எண்ணினால் பாரதியின் பிறந்தநாள் டிசம்பர் 12 அல்லது 13 ஆகிவிடும். 1882-இல் கார்த்திகை நவம்பர் 15-இல் பிறந்தது. உ.வே.சா. பிறந்த மாசி பிப்ரவரி 11-இல் பிறந்தது. இன்று அது 13-ஐ ஒட்டி வருகிறது. நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிட இருபது நிமிடத்துக்கு மேல் நீளம் என்பதால் அறுபது, எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் மாதப் பிறப்பு தள்ளிக்கொண்டே போகிறது. ஆகவே அந்தந்த ஆண்டின் பஞ்சாங்கம்தான் வேண்டும். அது கிடைக்காவிட்டால் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை தயாரித்த எபிமெரிஸ் என்ற பஞ்சாங்கக் கணக்கு அட்டவணைகள் கைகொடுக்கும்.

கணக்குப் போட்டு முடித்ததும் கிழமையையும் நட்சத்திரத்தையும் கொண்டு சரிபாருங்கள். நாவலர் பிறந்தது புதன்கிழமை என்று சொல்லப்படுகிறது. 1822 டிசம்பர் 18 புதன்தான். கிழமை, நட்சத்திரம், தேதி மூன்றும் ஒத்துப்போனால் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். தேதியும் கிழமையும் பொருந்தி நட்சத்திரம் மட்டும் பக்கத்து நட்சத்திரமாக வந்தால் பதற வேண்டாம். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேர வித்தியாசம் எப்போதும் உண்டு.

தேதி சரியாக வருகிறது, கிழமை மட்டும் ஒரு நாள் பின்னால் இருக்கிறதே?

பிறந்த நேரத்தைப் பாருங்கள். நள்ளிரவுக்குப் பிறகு, விடிவதற்கு முன் என்றிருந்தால் பிழை ஏதும் இல்லை. நம் வழக்கில் நாள் மாறுவது சூரிய உதயத்தில். செவ்வாய் அதிகாலை மூன்று மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஜாதகம் எழுதுபவர் திங்கட்கிழமை என்றே எழுதுவார், தமிழ்த் தேதியும் திங்களுடையதாகவே இருக்கும். தமிழ்த் தேதியைக் கொண்டு போட்ட ஆங்கிலத் தேதியில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இறந்த தேதிக்கும் இதுவே பொருந்தும். பாரதியின் நினைவு நாள் செப்டம்பர் 11 என்று நெடுங்காலமாக அனுசரிக்கப்படுகிறது. நினைவு நூற்றாண்டை ஒட்டி 2021-இல் தமிழக அரசு அந்த நாளையே மகாகவி நாள் என்று அறிவித்தது. ஆனால் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 ஞாயிறு இரவு கழிந்து ஒன்றரை மணி அளவில். சென்னை மாநகராட்சிப் பதிவின்படி தேதி 12. குறிப்பில் 12 என்று எழுதி, நினைவு நாள் 11-ஆம் தேதி கொண்டாடப்படுகிறது என்று அரை வரி சேர்த்தால் வாசகர் குழம்பமாட்டார்.

நாளிதழ் இரங்கற்செய்தியைக் கொண்டு தேதி போடுபவர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுவார்கள். பத்திரிகையின் தேதி இறந்த தேதி அல்ல. "நேற்றிரவு" என்று சென்னைப் பதிப்பில் வந்த வாசகம் ஒரு நாள் கழித்து வெளியூர்ப் பதிப்பில் அப்படியே வந்திருக்கலாம். செய்தியின் தலைப்பில் உள்ள ஊரையும் தேதியையும் பார்த்து எண்ணுங்கள்.

தியாகராஜர் ஆராதனை ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில் வருவது ஏன்? எந்தத் தேதியை எழுதுவது?

ஆராதனை நடப்பது திதிக்கு. புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாளான புஷ்ய பகுள பஞ்சமி சந்திரனைப் பின்பற்றுவதால் ஜனவரியை ஒட்டி முன்னும் பின்னும் நகரும். அவர் சித்தியடைந்தது பராபவ வருஷத்தில், 1847 ஜனவரி 6. தலைப்புக் குறிப்பில் அந்தத் தேதியை எழுதுங்கள். திதியைத் திருவையாற்று ஆராதனையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பராபவ 1846-இல் தொடங்கியது என்பதால் சிலர் 1846 என்று எழுதிவிடுகிறார்கள். உ.வே.சா. விஷயத்தில் சொன்ன அதே வழுக்கல்.

கொல்லம் ஆண்டு, பசலி என்றெல்லாம் பத்திரங்களில் இருக்கிறதே?

திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து ஆவணங்களில் கொல்லம் ஆண்டு சகஜம். ஆவணியில் ஆண்டு பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐயும் கூட்டுங்கள். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தேரூரில் பிறந்தது 1876 ஜூலை 27. அது கொல்லம் 1051-இன் கடைசிப் பகுதி; 825 கூட்டினால் 1876. எல்லாவற்றுக்கும் 824 கூட்டுபவர் அவரை ஓராண்டு மூப்பாக்கிவிடுவார். மாதப் பிறப்பு விதியிலும் மலையாள வழக்குக்கும் தமிழ் வழக்குக்கும் வேறுபாடு உண்டு. சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்கு முன் என்றால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ் வழக்கு. மலையாளத்தில் அந்த எல்லை நண்பகலைச் சற்றுக் கடந்த நேரம். இதனால் சில மாதங்கள் ஒரு நாள் முன்பின்னாகத் தொடங்கும்.

பசலி நிலவரிக் கணக்குக்கு ஏற்பட்டது. ஜூலை 1-இல் தொடங்கும். டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் 591. ஒரு நாகஸ்வரக் கலைஞருக்குக் கோயில் மானியம் எந்த ஆண்டில் கிடைத்தது என்று தேடினால் பெரும்பாலும் பசலியில்தான் பதில் இருக்கும்.

பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, ஜாதகத்தில் ஒரு தேதி. எதை நம்புவது?

ஜாதகத்தை, அது பிறந்த காலத்திலேயே எழுதப்பட்டது என்று தெரிந்தால். பள்ளியில் சேர்க்கும்போது வயது போதாமல் கூட்டிச் சொல்வதும், பின்னால் வேலைக்கு உதவும் என்று குறைத்துச் சொல்வதும் அக்காலத்தில் ஊரறிந்த வழக்கம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டிய பிறந்த தேதிகளைச் சந்தேகத்தோடு பாருங்கள். ஆனால் ஜாதகமும் பின்னாளில் திருமணத்துக்காகத் திருத்தி எழுதப்பட்டதாக இருக்கலாம். தாளின் பழமை, கையெழுத்து, அதே நோட்டில் உடன்பிறந்தவர்களின் ஜாதகங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் தேவாலயப் பதிவேடு இருக்கும். அதில் முதலில் தெரிவது ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி அல்ல. புதுச்சேரிக்காரர் என்றால் பிரெஞ்சு ஆட்சிக் காலக் குடிமைப் பதிவேடு உண்டு. பதிவு பிரெஞ்சு மொழியில் இருப்பதால், தமிழ்ப் பெயரை அந்த மொழிக்காரர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். பெயரைத் தேடிக் கிடைக்காவிட்டால் தந்தையின் பெயரையும் தெருவையும் கொண்டு தேடுங்கள்.

பிறந்த ஊர் விஷயத்தில் ஏன் இவ்வளவு முரண்பாடு?

பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். சொந்த ஊர் தந்தையுடையது, பிறந்த ஊர் தாயுடையது. உ.வே.சா.வின் பெயருக்கு முன்னால் நிற்பது உத்தமதானபுரம். பிறந்தது தாய்வழிப் பாட்டனார் ஊரான சூரியமூலையில். செம்மங்குடி சீனிவாச ஐயர் பிறந்தது திருக்கோடிகாவலில், தாய்மாமனான வயலின் வித்துவான் கிருஷ்ண ஐயரின் ஊரில். அரசு வேலையில் இருந்த தந்தையின் பிள்ளைகளுக்கு இன்னொரு காரணம் சேரும். புதுமைப்பித்தன் எழுத்து முழுக்கத் திருநெல்வேலி மணக்கும், குடும்பத்துக்கும் அதுவே ஊர். ஆனால் அவர் 1906 ஏப்ரல் 25-இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில்.

ஆகவே பெயரில் ஊர் ஒட்டியிருக்கிறது என்பதற்காக அதைப் பிறந்த ஊராக எழுதாதீர்கள். இசைக்காரர்களின் ஊர்ப்பெயர் சில வேளை வளர்ந்த ஊர், சில வேளை குருவின் ஊர், சில வேளை முன்னோர் ஊர்.

மாவட்டத்தையும் சேர்த்து எழுதுபவர்கள் எந்தக் காலத்து மாவட்டம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கல்கி பிறந்த புத்தமங்கலம் அன்று தஞ்சாவூர் மாவட்டம், 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டம். எட்டயபுரம் அன்று திருநெல்வேலி, 1986 முதல் தூத்துக்குடி. "தூத்துக்குடி மாவட்டத்தில் 1882-இல் பிறந்தார்" என்ற வாக்கியம் இலக்கணப்படி சரி, வரலாற்றுப்படி தப்பு. "இன்றைய தூத்துக்குடி மாவட்டம்" என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். 1969 ஜனவரிக்கு முந்தைய அரசு ஆணைகளைச் சொல்லும்போது "தமிழ்நாடு அரசு" என்று எழுதுவதும் இதே ரகம்.

முன்னெழுத்துகளை விரித்து எழுதலாமா?

உறுதியாகத் தெரிந்தால் மட்டும். முதலெழுத்து ஊர், அடுத்தது அப்பா என்று எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது. எம்.எஸ். சுப்புலட்சுமியில் முதலாவது மதுரை, இரண்டாவது சண்முகவடிவு, அவருடைய தாயார், வீணைக் கலைஞர். எம்.எல். வசந்தகுமாரியில் எம். மதராஸ், எல். அவர் தாயார் லலிதாங்கி. இரண்டையும் தந்தை பெயர் என்று நினைத்து இல்லாத ஆண் பெயரை உண்டாக்கியவர்கள் உண்டு. இசை தாய்வழியாக வந்த குடும்பங்களில் தாயின் பெயர் முன்னெழுத்தாவது இயல்பு. அதை மறைக்கவும் வேண்டாம், விளக்கவுரை எழுதவும் வேண்டாம்.

ஆங்கில எழுத்தொலியில் போகும் முன்னெழுத்துகளில் "டி" மிக ஆபத்தானது. ஆங்கிலத்தின் இரண்டு வெவ்வேறு எழுத்துகள் தமிழில் "டி" என்றே விழும். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் டி-யும் டி.கே. பட்டம்மாளின் டி-யும் ஒன்றல்ல. பின்னது காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள தாமல் என்ற ஊர். தமிழில் மட்டும் பார்த்து விரிப்பவர் திருச்சி, தஞ்சை என்று எதையாவது போட்டுவிடுவார். பழைய இசைத்தட்டின் உறையிலோ மாநாட்டு நிகழ்ச்சி நிரலிலோ ஆங்கில வடிவத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புனைபெயர், இயற்பெயர், சாதிப் பட்டம்: எதைத் தலைப்பாக வைப்பது?

அவர் தம் நூலின் முகப்பில் போட்டுக்கொண்ட பெயர் எதுவோ அது. புதுமைப்பித்தன், சுஜாதா, பாரதிதாசன் என்று தலைப்பிட்டு, முதல் வாக்கியத்தில் சொ. விருத்தாசலம், எஸ். ரங்கராஜன், கனக சுப்புரத்தினம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் கடன் தீர்ந்தது. பட்டப்பெயரை அவரே போட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் வெட்டக் கூடாது; போட்டுக்கொள்ளாதவருக்கு நீங்கள் ஒட்டவும் கூடாது. எழுத்துக்கூட்டலும் அப்படியே. உ.வே.சா. "சாமிநாதையர்" என்று எழுதியதைச் "சுவாமிநாத ஐயர்" என்று திருத்துவது பலருக்குக் கை அரிப்பு.

ஒரே பெயர்க்காரர்கள் இன்னொரு தொல்லை. மணி ஐயர்கள் இருவர், இருவரும் 1912-இல் பிறந்தவர்கள். மதுரை மணி ஐயர் பாடகர், பாலக்காடு மணி ஐயர் மிருதங்க வித்துவான். பழைய விமர்சனங்களில் வெறும் "மணி ஐயர்" என்று வந்தால் சூழலைப் படிக்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்திரிகை உலகில் ரங்கராஜன்களும் இருவர். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே ஒருவர் மனைவியின் பெயரான சுஜாதாவை வைத்துக்கொண்டார், மற்றவர் ரா.கி. ரங்கராஜன்.

விருது பெற்ற ஆண்டு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது.

இரண்டும் சரியாக இருக்கலாம். எந்த ஆண்டுக்குரிய விருது, எந்த ஆண்டில் கையில் கிடைத்தது என்று பிரித்துப் பாருங்கள். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி டிசம்பர் மாநாட்டுக்குத் தலைமை வகிப்பவருக்குரியது. பட்டமளிக்கும் சதஸ் வழக்கமாக ஜனவரி 1-ஆம் தேதி. ஆகவே ஒன்று முந்தைய ஆண்டைக் காட்டும், மற்றது அடுத்த ஆண்டை. அகாடமியின் பட்டியல் மாநாட்டு ஆண்டைத்தான் பின்பற்றுகிறது, அதையே எழுதுங்கள். அந்த முறையில்தான் எம்.எஸ். 1968 என்று வருகிறார். பட்டம் பெற்ற முதல் பெண் அவர். பட்டம் ஏற்படுத்தப்பட்டது 1942-இல். அதற்கு முன் தலைமை வகித்தவர்களுக்கும் பின்னால் அது வழங்கப்பட்டது. எனவே 1930-களில் தலைமை வகித்த ஒருவர் "அந்த ஆண்டே சங்கீத கலாநிதி ஆனார்" என்று எழுதினால் இல்லாத பட்டத்தைக் கொடுத்ததாகும்.

ஞானபீடம் இன்னும் இழுக்கும். ஜெயகாந்தன் பெற்றது 2002-க்குரிய விருது, அவர் கைக்கு வந்தது 2005-இல். சாகித்திய அகாதெமி பொதுவாக ஆண்டுக் கடைசியில் அறிவித்து அடுத்த ஆண்டு விழா நடத்தும். கல்கிக்கு "அலை ஓசை" நாவலுக்காக 1956-இல் அளிக்கப்பட்டது. அவர் 1954 டிசம்பர் 5-ஆம் தேதியே காலமாகிவிட்டார். "விருது பெற்றார்" என்பதைவிட "மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது" என்று எழுத வேண்டிய இடம் இது.

நூலின் ஆண்டு?

எழுதிய ஆண்டு, தொடராக வந்த ஆண்டு, நூலான ஆண்டு மூன்றும் வேறு வேறு. "பொன்னியின் செல்வன்" 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கி இதழில் வந்தது. வேதநாயகம் பிள்ளையின் "பிரதாப முதலியார் சரித்திரம்" அச்சானது 1879-இல். எதைச் சொல்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். கையில் உள்ள பிரதியில் "முதற்பதிப்பு" என்று இருந்தால் அது அந்தப் பதிப்பகத்தின் முதற்பதிப்பாக இருக்கலாம். முன்னுரைத் தேதியையும் பாருங்கள். அது அட்டையில் உள்ள ஆண்டுக்கு இருபது ஆண்டு முந்தியதாக இருந்தால் நீங்கள் வைத்திருப்பது மறுபதிப்பு.

பழைய இசைத்தட்டு எந்த ஆண்டுப் பதிவு என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, கொஞ்சம் பொறுமை வேண்டும். தட்டில் இரண்டு வகை எண்கள் இருக்கும். காகித லேபிளில் அச்சிட்ட பெரிய எண் விற்பனைப் பட்டியலுக்குரியது, வெளியீட்டு வரிசையைக் காட்டும். லேபிளை ஒட்டிய வழவழப்பான வளையத்தில், அரக்கிலேயே பதிந்த எண் பதிவு வரிசையைக் காட்டும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் இரண்டாவது கண்ணுக்குத் தெரியும். ஒரே நாளில் பதிவானவை பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களோடு இருக்கும். வெளியான மாதம் மட்டும் சிதறியிருக்கும். இருபுறத்துக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, தேதி தெரிந்த வேறு தட்டுகளின் எண்களுக்கு நடுவே பொருத்துங்கள். கம்பெனிகள் வெளியிட்ட மாதாந்திரப் பட்டியலும், நாளிதழ் விளம்பரமும், பாட்டுப் புத்தகமும் வெளியீட்டை உறுதிசெய்யும். மறுவெளியீட்டில் லேபிளின் நிறமும் எண்ணும் மாறியிருக்கலாம், அரக்கில் உள்ள எண் மாறியிராது.

தட்டைக் கேட்டு "அவர் இத்தனை கட்டைச் சுருதியில் பாடினார்" என்று எழுதும்முன் சுழல்வேகத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பெயரளவுக்குத்தான். பழைய தட்டுகள் அதற்கு மேலும் கீழும் பதிவாகியிருக்கின்றன, ஓட்டும் கருவியும் சரியாக ஓடாது. நாலரைச் சுற்று வேகம் கூடினால் ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும், குரலும் இளமையாகிவிடும். இணையத்தில் ஏற்றப்பட்ட ஒலியை நம்பிக் குரல்வளத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதுவது வீண். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம்தான் என்பதையும் மறக்கக் கூடாது. அவர் கீர்த்தனையைச் சுருக்கிப் பாடியது பாணியால் அல்ல, தட்டின் அளவால்.

ஓவியர்களுக்கு எங்கே தேடுவது?

பத்திரிகை ஓவியர் என்றால் இதழ்களில், குறிப்பாகத் தீபாவளி மலர்களில். கையொப்பத்தின் வடிவம் காலப்போக்கில் மாறும். தேதி தெரிந்த ஐந்தாறு இதழ்களில் உள்ள கையொப்பத்தை வரிசையாக வைத்தால் தேதியற்ற படத்தை ஓரளவு இடம் குறிக்கலாம். காலண்டர் ஓவியத்தில் அச்சகத்தின் பெயரும் ஆண்டும் ஓரத்தில் இருக்கும். சட்டம் போட்டவர் அதைத்தான் முதலில் வெட்டுவார், எனவே சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள். காலண்டரில் உள்ள ஆண்டு விற்பனை ஆண்டு. படம் அதற்கு முந்தைய ஆண்டிலாவது வரையப்பட்டது.

சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர் என்றால் யார் முதல்வராக இருந்தபோது என்று சேர்த்து எழுதுவது பயன்தரும். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அந்தப் பள்ளியின் போக்கு, தேவி பிரசாத் ராய் சௌத்ரி காலத்திலும் அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர் காலத்திலும் முற்றிலும் வேறு. படத்தின் அளவை உயரம் முதலில், அகலம் பின்னர், சென்டிமீட்டரில் எழுதுங்கள். மாற்றி எழுதினால் நின்ற படம் படுத்துவிடும்.

சுவையான சம்பவங்களைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், தேதியோடு மோதாதவரை. பாரதி யானை மிதித்து இறந்தார் என்பது இன்னும் பள்ளி மேடைகளில் ஒலிக்கிறது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. ஆனால் அதன்பின் தேறி, ஈரோட்டுக்குப் போய், கருங்கல்பாளையத்தில் "மனிதனுக்கு மரணமில்லை" என்று பேசிவிட்டுத் திரும்பினார். வயிற்றுக்கடுப்பு கண்டு இறந்தது செப்டம்பரில். இரு நிகழ்ச்சிக்கும் நடுவே ஓர் ஈரோட்டுப் பயணம் இருக்கிறது என்று காட்டினாலே கதை தானாக உதிர்ந்துவிடும். ஒரு சம்பவம் இரண்டு வித்துவான்கள் பேரிலும் சொல்லப்பட்டால் இருவர் பக்கத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

குடும்பத்தாரிடம் பேட்டி எடுக்கும்போது?

ஆண்டைக் கேட்காதீர்கள், அடையாள நிகழ்ச்சியைக் கேளுங்கள். "தாத்தா வானொலியில் சேர்ந்தது எந்த வருஷம்?" என்றால் சுற்றி வளைத்து ஒரு எண் வரும். "காந்தி செத்தப்போ எந்த வீட்டில் இருந்தீர்கள்? தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலா பின்னாலா?" என்றால் பதில் திடமாக வரும். முன்னது 1948 ஜனவரி, பின்னது 1964 டிசம்பர். முதல் தடவை பேசவிட்டு, இரண்டாம் தடவை ஆவணங்களைக் கேளுங்கள்: திருமண அழைப்பிதழ், கச்சேரி ஒப்பந்தக் கடிதம், மணியார்டர் ரசீது, அஞ்சலட்டை. அஞ்சலட்டையின் முத்திரை தேதிக்குச் சாட்சி. மூலத்தை வீட்டுக்கு எடுத்துப்போகாமல் அங்கேயே படம் எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டு பக்கமும், ஓரம் வெட்டாமல்.

நூலகங்களில் எங்கே போவது?

இதழ்களுக்கும் பாட்டுப் புத்தகங்களுக்கும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். 1954-க்குப் பிந்தைய நூல்களுக்கு எழும்பூர் கன்னிமாரா. அச்சாகும் நூல்களில் ஒரு பிரதி அங்கே போக வேண்டும் என்பது சட்டம். சுவடி, கடிதம் என்றால் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம். அரசாணை, தடை செய்யப்பட்ட நூல் என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம். ஈழத்தவருக்கு நூலகம் என்ற மின்னூலகத்திலிருந்து தொடங்கலாம், வீட்டிலிருந்தே.

நூலிலிருந்து எடுத்துப் போடலாமா? படங்கள்?

இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவர் இறந்த ஆண்டை அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 1992 வரை அது 50 ஆக இருந்தது. 1948 ஜூன் 30-இல் மறைந்த புதுமைப்பித்தனுக்கு அறுபதாண்டுக் கணக்கு 2008 முடிவில்தான் தீரும்; அதற்கு முன்பே 2002-இல் அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. நாட்டுடைமை நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் படிக்கலாம். ஆனால் நாட்டுடைமை என்பது எழுத்துக்கு மட்டும். கல்கியின் வரிகளை எடுத்தாளலாம். அதனோடு வந்த மணியம் ஓவியம் வேறு கணக்கு. அவர் 1968-இல் மறைந்தவர், ஆகவே 2028 முடியும்வரை அனுமதி வேண்டும். எழுத்தாளர் நண்பருக்குப் போட்ட கடிதத்தின் தாள் நண்பருக்குச் சொந்தம், வாசகத்தின் உரிமை எழுதியவரின் வாரிசுகளுக்கு. அவர் மறைவுக்குப் பின் முதன்முதலாக அச்சேறினால் அச்சேறிய ஆண்டிலிருந்து 60 எண்ண வேண்டும்.

புகைப்படத்தில் யார் எடுத்தது, யாரிடமிருந்து வந்தது என்ற இரண்டையும் படத்தின் அடியிலேயே போடுங்கள். ஸ்டுடியோவின் பெயர் அட்டையின் பின்பக்கம் அல்லது கீழ் விளிம்பில் புடைத்த எழுத்தாக இருக்கும். கணினியில் வண்ணம் ஏற்றிய பிரதியைப் போடாதீர்கள். மேல்துண்டின் நிறமும் விபூதியின் அளவும்கூட அங்கே ஏற்றியவரின் கற்பனை. ஓவியத்தைப் பார்த்து எடுத்த படத்தைப் புகைப்படம் என்று குறிப்பதும் அடிக்கடி நடக்கிறது. முண்டாசோடு வண்ணத்தில் வரும் பாரதி படங்கள் பெரும்பாலும் ஓவியங்கள், அப்படியே சொல்லிப் போடுங்கள்.